60 வெள்ளி (ரிங்கிட்) விளம்பரம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளம்பரப் படத்தைப் பார்த்தேன். வேனுக்குப் பக்கத்தில் நீ நிற்பது நன்றாக விழுந்திருக்கிறது. அம்மா அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கோயில் குரூப்பிலும் போட்டுவிட்டாள். என் பேச்சு படத்தைப் பற்றி இல்லை. அதற்குக் கீழே, ஏசி மெஷினைக் கழுவித் தருவதற்கு "ஏர்கோண்ட் சர்வீஸ் 60 வெள்ளி" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் எல்லாரும் அந்த விலைதான் போடுகிறார்கள் என்றாய். முதலில் 60 வெள்ளிக்கு வீட்டுக்குள் நுழைவது, அப்புறம் "குளிர வைக்கும் கேஸ் குறைந்திருக்கிறது" என்று சொல்லி மேலே வாங்கிக்கொள்வது, தொழிலே இப்படித்தான் ஓடுகிறது என்று உன் கூட்டாளி சொன்னானாம். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த விலையைப் போட்டுவிட்டு எத்தனை மாதம் அப்படிச் செய்யாமல் இருப்பாய் என்பது எனக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்கு நாலு வீடு என்றால் 240 வெள்ளி. உதவிக்கு ஒரு பையனை வைக்கப்போகிறாய். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது வந்தபோது ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருந்த சின்ன முதலாளிகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்; ஆகஸ்டு முதல் தேதியோடு அதுவும் முடிந்தது. சேமநிதிக்கு உன் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. ஆக 1,921. அதை 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 74 வெள்ளி வரும். சொக்சோ காப்புறுதிச் சந்தா தனி. மிச்சம் 166 வெள்ளி. அதில்தான் பெட்ரோல், டோல், கொண்டோவில் பார்க்கிங், கெமிக்கல், வேன் தவணை எல்லாம். மழை பிடித்துக்கொண்டாலோ, ஒரு வீட்டுக்காரர் கடைசி நிமிடத்தில் "நாளைக்கு வாங்க" என்றாலோ, அந்தப் பையனைவிடக் குறைவாகத்தான் நீ வீட்டுக்குக் கொண்டுபோவாய்.

அப்போது உனக்கு இரண்டு வழிதான் இருக்கும். நாலு வீட்டை எட்டாக்கி, ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டிவிட்டு ஓடலாம். இல்லையென்றால் கேஸ். நம் தொழிலில் ஏமாற்றுகிற ஆள்கள் எல்லாரும் பிறவியிலேயே கெட்டவர்கள் இல்லை, தம்பி. பாதிப் பேர் விலையைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள். வேலையில் செய்கிற திருட்டு விலை சொல்லும்போதே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். முழு வேலைக்கு என்ன விலையோ அதை முதலிலேயே வாய் கூசாமல் சொல். பத்துப் பேரில் ஆறு பேர் போனை வைத்துவிடுவார்கள், வைக்கட்டும்.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, ஓட ஓடத் தீர்ந்துபோவது இல்லை என்று உனக்குத் தெரியும். குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போனால், மூன்று மாதத்தில் இன்னொருவன் வந்து அதையே செய்வான். இன்னொரு வேடிக்கை, உள்ளே காற்றைக் குளிர வைக்கும் காயிலில் அழுக்கு அடைத்தாலும் ஐஸ் பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும். ஐஸைக் காட்டி "பாருங்கள், கேஸ் இல்லை" என்றால் வீட்டுக்காரர் நம்பத்தான் செய்வார். நான் வேலை கற்றுக்கொண்ட ஓர் இடத்தில் கேஸ் ஏற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் கமிஷன் உண்டு. கேஸ் ஏற்றாமல் வருகிறவனுக்கு மறுநாள் தூரத்தில் இருக்கும் பாலேக் பூலாவ் பக்கம்தான் வேலை போடுவார்கள், அதுவும் சாயங்காலத்தில். யாரும் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. கமிஷன் அட்டவணையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. அங்கே நான் அதிக நாள் இருக்கவில்லை.

உன் பாட்டி செபராங் பிறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்தில் வாளியில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டப் பார்த்தவர்களும் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியிடம் மெட்ரோலாக் இருக்கும். பாலில் மிதக்கவிட்டால் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். சம்பளமும் காய்ந்த ரப்பரின் கணக்குக்குத்தான். சரி, கிராணியின் தராசு சரியா என்று பார்க்கப் பாட்டியிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. கருவி ஒரு பக்கத்துக்காரரிடம்தான் இருந்தது. நீ ஒரு வீட்டுக்குள் போகும்போது கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் உன் கையில் இருக்கிறது, வீட்டுக்கார அம்மா கையில் ஒன்றும் இல்லை. அதனால் கேஜைத் திருப்பி அவர்களிடம் காட்டு. பழைய ஆர்-22 கேஸ் மெஷினில் வரும் எண்ணும் புது ஆர்-32 கேஸ் மெஷினில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது என்பதையும் சொல். கழுவுவதற்கு முன்பு ஒரு படம், கழுவின பிறகு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாற்றின சாமான் எதுவானாலும் பழையதை அவர்கள் கையிலேயே கொடு. குப்பையில் போடுவது அவர்கள் பாடு.

ஆனால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று நீ கூச்சப்பட வேண்டாம். மெஷின் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். நீ போய்ப் பத்து நிமிடத்தில் கெப்பாசிட்டர் என்ற சின்னச் சாமான் போயிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றிவிடுவாய். "பத்து நிமிடத்துக்கு இவ்வளவா?" என்று ஒருவர் கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். சர்க்யூட் போர்டு போய்விட்டது, மெஷினையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் நீ சரியான சாமானைக் கண்டுபிடித்தாய். அதற்கு, போய் வந்த செலவுக்கு, செய்த வேலைக்கு உத்தரவாதம் கொடுப்பதற்கு எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் காசு. கெப்பாசிட்டரைக் கெப்பாசிட்டர் என்று சொல்லி வாங்கினால் அது நேர்மையான காசு. அதையே போர்டு என்று சொல்லி வாங்கினால் இல்லை.

யார் கண்ணிலும் படாத வேலை ஒன்று இருக்கிறது. புது மெஷின் மாட்டும்போது பைப்பை வேக்கம் பண்ணுவது, அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. அரை மணி நேரம் பம்ப் ஓடும், பார்க்கிறவருக்கு நீ சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். பல பேர் அதைச் செய்வதில்லை. மெஷினில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு, முடிந்தது என்று போய்விடுவார்கள். அன்றைக்கு அறை ஜில்லென்றுதான் இருக்கும். உள்ளே நின்ற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, சில வருஷம் கழித்து கம்ப்ரெஸரைக் கெடுக்கும். அப்போது வீட்டுக்காரர் மெஷின் கம்பெனியைத் திட்டுவார், உன்னை நினைக்கக்கூட மாட்டார். வாங்கின கூலிக்கு வேலை செய்தாயா என்பது அந்த அரை மணி நேரத்தில்தான் தெரியும். செம்புக் குழாயும் அப்படித்தான். 22 கேஜ் என்றால் குழாய்த் தகட்டின் கனம் 0.71 மில்லிமீட்டர், 23 கேஜ் 0.61. சுவருக்குள் போன பிறகு யார் அளக்கப்போகிறார்கள்? 23 போடுவது தப்பில்லை. 22 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 23 போடுவதுதான் தப்பு.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 1999-ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நீ செய்யும் சேவை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் இருந்தாக வேண்டும். 5 வெள்ளி கட்டி யாரும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வக்கீல் தேவையில்லை. இங்கே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருப்பதால் நம் ஆட்களுக்கு வழி தெரியும். அங்கேயும் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

இப்போது அந்தப் பையன் விஷயம். "முதல் மூன்று மாதம் கையில் காசாகக் கொடுத்துவிடுகிறேன், சேமநிதி அப்புறம் பார்க்கலாம்" என்றாய். வேண்டாம். முதல் மாதத்திலிருந்தே கட்டு, சம்பளச் சீட்டும் கொடு. பாட்டிக்கு கிராணியின் தராசைப் பார்க்க வழியில்லை என்றேனே, அந்த இடத்தில் இப்போது நிற்பது அந்தப் பையன், தராசு உன்னிடம். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். அதற்கு மேல் நிறுத்திவைத்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லா வீட்டிலும் கூப்பிடுவார்கள், ராத்திரி ஒன்பது மணி வரை இழுக்கும். அந்தக் காசை எழுதி வைத்துக் கொடு, "டீ வாங்கிக் கொடுத்தேனே" என்று கழிக்காதே. முழுக்கூலி வாங்குகிறவனிடம்தான் முழு வேலையைக் கேட்க முடியும். வேலை தெரியாத பையன், ஆறு மாதம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவும் உன் விலைக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம், செந்தூல் அத்தை போன் பண்ணினாள். மூன்று மெஷின் இருக்கிறதாம், மருமகன் வந்து பார்க்கட்டும் என்கிறாள். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒன்று இலவசமாகச் செய், அல்லது காசு வாங்கிச் செய். இலவசம்தானே என்று அரைகுறையாகச் செய்துவிட்டு வராதே, அவள் வாய் உனக்குத் தெரியும்.

விளம்பரத்தை எடுத்துவிட்டு விலையை மாற்றிப் போடு. கெமிக்கல் போட்டுக் கழுவும் கெமிக்கல் வாஷுக்கும் சாதாரண சர்வீஸுக்கும் என்னென்ன செய்வாய் என்று தனித்தனியாக எழுது, போடுவதற்கு முன்பு எனக்கு அனுப்பு. என் பழைய வேக்கம் பம்ப்பைக் கேட்டிருந்தாய். அது ஆர்-22 காலத்துப் பம்ப். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அதற்கு அந்தப் பம்ப் வேண்டாம். ஆர்-32க்கு ஏற்றது என்று போட்டிருக்கும் புதுப் பம்ப்பாகப் பார்த்து வாங்கு. பாதிக் காசு நான் போடுகிறேன், எவ்வளவு என்று மட்டும் சொல்.

அப்பா