ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினரே, ஷாடோஸ் எங்கே?

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆண்டுதோறும் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

1960 ஆகஸ்டில் 'அபாச்சி' என்ற இசைத்தட்டு பிரிட்டன் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரம் அசையாமல் நின்றது. ஜெர்ரி லார்டன் போட்ட மெட்டு. பாடல் வரி ஒன்றுகூடக் கிடையாது. அதுவரை பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசித்த பிரிட்டன் இசைக்குழுவான தி ஷாடோஸ், அவருடைய பாட்டையே இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்தார்கள். அந்தத் தட்டின் தொடக்கத்தில் முரசு தட்டியவரும் அதே கிளிஃப்தான்!

தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள். ஷாடோஸின் முன்னணி கிடார் கலைஞர் ஹாங்க் மார்வின் ஒரு சுரத்தை மீட்டுகிறார். எதிரொலிக் கருவி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அது தேய்ந்து முடிவதற்குள் கிடாரில் உள்ள ட்ரெமோலோ கைப்பிடியை லேசாக அசைக்கிறார், சுரம் நடுங்குகிறது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நடுக்கம் உடனே பிடித்துப்போகும். அடியில் புரூஸ் வெல்ச்சின் அக்கூஸ்டிக் கிடார் நிற்காமல் ஓடுகிறது. அவசரமே இல்லாத வாசிப்பு. குரல் இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அமெரிக்காவில் இந்த மெட்டை இரண்டாம் இடம் வரை கொண்டுபோனவர் டென்மார்க்கின் யோர்கன் இங்மன். ஷாடோஸின் தட்டு அங்கே எடுபடவில்லை. உங்கள் கண்ணில் அவர்கள் படாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் கௌரவித்தவர்களையே பாருங்கள். 1988இல் பீட்டில்ஸைச் சேர்த்தீர்கள். அவர்கள் 1961இல் ஹாம்பர்கில் பதிவு செய்த 'கிரை ஃபார் எ ஷாடோ', ஷாடோஸ் பாணியிலேயே அமைந்த வாத்திய இசை. 2008இல் வென்ச்சர்ஸை, அதே கிடார் வாத்திய வழியில் வந்தவர்களை, வரவேற்றீர்கள். 2023இல் ஹிப்-ஹாப் முன்னோடி டிஜே கூல் ஹெர்க்கைச் சேர்த்தீர்கள். இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட 'அபாச்சி'யின் தாளப் பகுதியை நீட்டி நீட்டித்தான் அவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி இளைஞர்களை ஆடவைத்தார். ஹிப்-ஹாப் வரைக்கும் போன மெட்டு இது. அதை முதலில் உலகறியச் செய்தவர்களுக்கு மட்டும் இடமில்லை என்றால் எப்படி?

டிரம்ஸ் வாசித்த டோனி மீஹன் 2005இலும், பேஸ் வாசித்த ஜெட் ஹாரிஸ் 2011இலும் போய்விட்டார்கள். மார்வினும் வெல்ச்சும் 1941இல் பிறந்தவர்கள். கூல் ஹெர்க்குக்கும் கிடார் கலைஞர் லிங்க் ரேக்கும் கொடுத்தீர்களே, முன்னோடிகளுக்கான அந்த விருது, அதையே ஷாடோஸுக்கும் கொடுங்கள். அடுத்த பட்டியலிலேயே கொடுங்கள்.