"கரண்ட் அடிச்சிருக்காம்": காரணத்தை எழுத்தில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உத்தரவாதக் காலம் முடியாத பிரிட்ஜ், ஏ.சி., வொஷிங் மெஷின் மின்சுற்றுப் போர்டுகள் எங்களைப் போன்ற பழுது திருத்தும் வெளிக்கடைக்காரரின் மேசைக்கு வரவே கூடாது. கொம்பனி சேர்விஸ் சென்டரே அவற்றை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் வருகின்றன. கொண்டுவருபவர்களைக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "கரண்ட் கூடி வந்து அடிச்சிருக்காம். அதுக்கு வொறண்டி இல்லையாம்." அந்த "ஆம்" விகுதியைக் கவனியுங்கள். யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், எங்கே எழுதிக் கொடுத்தார் என்று கேட்டால் கையில் ஒன்றும் இராது. ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் கொடுத்து வாங்கிய பொருளின் உத்தரவாதம் ஒரு வாய்ச்சொல்லோடு முடிந்துவிடுகிறது.

கரண்ட் கூடி வருவது கட்டுக்கதை அல்ல. இலங்கையில் நமது வீடுகளுக்குரிய மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை சரி. இடிமழைக் காலத்தில் மின்கம்பி வழியாக மட்டுமன்றி, டி.வி. அன்டெனா வயர், இணைய வயர் வழியாகவும் மிகையழுத்தம் உள்ளே வரும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள தொடர்மாடிகளில் நியூட்ரல் கம்பி கழன்றால் 230 வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கியும் வரும். அப்படி வந்தால் ஒரு பிரிட்ஜோடு நிற்பது அரிது. அதே நேரத்தில் போன் சார்ஜர், எல்.ஈ.டி. பல்ப், பக்கத்து வீட்டு டி.வி. என்று பலதும் சேர்ந்து போகும். அது மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அன்றைக்கே அறிவித்து, முறைப்பாட்டு இலக்கம் எடுத்துவைக்க வேண்டிய விடயம்.

நாங்கள் சொல்ல வருவது, மிகையழுத்தம் தடயம் வைக்காமல் போவது குறைவு என்பதை. கரண்ட் போர்டுக்குள் நுழையும் இடத்தில் முதலில் ஒரு பியூஸ், அதையடுத்து காசு அளவிலான வட்டத் தட்டுப் போன்ற வரிஸ்டர் இருக்கும். இந்த வரிஸ்டர் மிகையழுத்தம் வந்தால் தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே போடப்படுவது. 230 வோல்ட் போர்டுகளில் சாதாரணமாகக் காண்பது 471 என்று எழுதியது. 300 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும். பெரிய அழுத்தம் வந்திருந்தால் அது வெடித்திருக்கும், கருகியிருக்கும், அல்லது இரண்டாகப் பிளந்திருக்கும். பியூஸின் கண்ணாடிக்குள் கரிப்புகை படிந்திருக்கும். இரண்டும் பழுதில்லாமல் இருக்க, உள்ளே மின்னைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தாலும் தரக்குறைவாலும் வந்த வினை. சுவிட்ச் போல இயங்கும் ரிலேயின் காலடியில் சொல்டர் (ஈயப் பற்று) வளையமாக வெடித்திருந்தால், சூடாகிச் சூடாகி ஆறியதில் வந்த விரிசல். இவை உற்பத்திப் பக்கத்துக் குறைகள். உத்தரவாதம் இருப்பதே இவற்றுக்காகத்தான். இடி தொலைவில் விழுந்து, வரிஸ்டரைத் தொடாமல் சிறிய ஐ.சி. (சில்லு) ஒன்றை மட்டும் கொல்வதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்படியென்றால் எந்த ஐ.சி., எப்படித் தெரிந்தது என்று எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

வாடிக்கையாளர் பக்கத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்கே, பிறகு எப்படிப் போர்ட் போகும்?" என்று கேட்பார்கள். அந்த 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆளுக்கு ஷொக் அடிக்காமல் காப்பதற்கு. மின்னழுத்தம் கூடுவதை அது கவனிப்பதே இல்லை. அதற்குத் தனியாக மிகையழுத்தத் தடுப்பான் வேண்டும்; அதுவும் வீட்டின் எர்த் ஒழுங்காக இருந்தால்தான் பயன்.

அடுத்தது அந்த "10 வருட வொறண்டி" ஸ்டிக்கர். பிரிட்ஜ் கதவில் கையகலத்துக்கு ஒட்டியிருக்கும். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், பத்து வருடம் கொம்ப்ரசருக்கு மட்டும். போர்ட், ஃபேன் மோட்டார், சென்சர், குளிரூட்டும் கேஸ், கூலி எல்லாம் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடத்தோடு சரி. நான்காம் வருடத்தில் கொம்ப்ரசர் போய், கொம்பனி அதை இலவசமாகத் தந்தாலும், அதோடு ஃபில்டர் ட்ரையர் மாற்ற வேண்டும், வெக்யூம் எடுக்க வேண்டும், கேஸ் அடிக்க வேண்டும். இவற்றுக்கும் போக்குவரத்துக்கும் பில் வரும். தவிர, வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் பிரிட்ஜுகளில் கொம்ப்ரசருக்கு முன்பே போவது பெரும்பாலும் அதை ஓட்டுகிற போர்ட். வொஷிங் மெஷின் கதையும் இதுதான். மோட்டாருக்குப் பத்து வருடம். போவதோ தண்ணீர் வெளியேற்றும் பம்ப், கதவுப் பூட்டு, பெயரிங், போர்ட். எது சீக்கிரம் பழுதாகாதோ அதற்கு நீண்ட உத்தரவாதம் கொடுக்கும் வியாபார சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடற்கரைப் பக்கம் ஏ.சி. பூட்டுவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் பொடியாகி உதிரும், குழாய் அரித்துக் கேஸ் கசியும். "சுற்றாடல் காரணமான அரிப்பு" பெரும்பாலான அட்டைகளில் விலக்கப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஷோரூமில் நின்று விற்பவர் இதைச் சொல்வதில்லை. வாங்கும்போதே காயில் (குழாய்ச் சுருள்) செம்பா அலுமினியமா, அரிப்புத் தடுக்கும் பூச்சு உண்டா, அரிப்பால் கேஸ் கசிந்தால் உத்தரவாதம் உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வெளி யூனிட்டுக்குள் பல்லி புகுந்து போர்டை எரித்ததென்றால் அது உண்மையாகவே உத்தரவாதத்துக்கு வெளியே. ஆனால் பல்லியைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

போன்களில் தகராறு வேறு வகை. சிம் தட்டின் துவாரத்துக்குள் ஈரங்காட்டி என்ற சிறிய வெள்ளைத் துணுக்கு இருக்கும். நீர் பட்டால் சிவப்பாகும். சிவந்திருந்தால் உத்தரவாதம் இல்லை என்பார்கள். நீர் புகாத தரமான ஐபி68 என்று விளம்பரம் செய்த போனுக்கும் இதே பதில்தான், ஏனென்றால் அந்தத் தரம் ஆய்வுகூடத்தில் நன்னீரில் சோதித்துக் கொடுப்பது. உத்தரவாத அட்டை தண்ணீரை அப்போதும் விலக்கியே வைத்திருக்கும். போனைக் கொடுக்க முன்னர் அந்தத் துணுக்கை டோர்ச் அடித்துப் படம் எடுத்து வையுங்கள். கொடுக்கும்போது வெள்ளையாக இருந்தது, திரும்பும்போது சிவப்பு என்ற வாக்குவாதத்துக்கு அந்த ஒரு படம் போதும். போர்டை மாற்றித் தந்தால் ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் போனின் அடையாள இலக்கமும் மாறக்கூடும். *#06# அழுத்திப் புதிய இலக்கத்தைப் பார்த்து, பில்லிலும், பழுதுபார்க்க ஒப்படைத்ததற்குத் தரும் ஜொப் கார்டிலும் திருத்தி எழுதி வாங்குங்கள். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரியும். வாங்கும்போதே, காசு கொடுக்க முதல், இதைச் செய்வது நல்லது. கடவுச்சொல்லை ஜொப் கார்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். தரவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போனை வெறுமையாக்கிக் கொடுங்கள்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் பம்பலப்பிட்டி கடைத்தொகுதிகளிலும் இரண்டு விலை சொல்வார்கள்: கொம்பனி வொறண்டியோடு ஒன்று, ஷொப் வொறண்டியோடு அதைவிடக் குறைவாக ஒன்று. ஷொப் வொறண்டி என்பது அந்தக் கடை அதே இடத்தில் அதே பெயரில் இருக்கும்வரைதான். தெரிந்துகொண்டு வாங்கினால் குற்றமில்லை. ஆனால் பில்லில் கடையின் பெயர், முகவரி, மொடல், தொடரிலக்கம், எத்தனை மாதம், எந்தப் பாகத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும். "வொறண்டி 1 வருடம்" என்று ரப்பர் முத்திரை குத்திய சிட்டை எதற்கும் உதவாது. அனல்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுங்கள்.

பழுதான பொருளை ஒப்படைக்கும்போதுதான் பலரும் தோற்கிறார்கள். வரவேற்பில் இருப்பவர் ஜொப் கார்டில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவார். நீங்கள் சொல்லி எழுதுவியுங்கள்: "மேல்தட்டு குளிர்கிறது, கீழ்த்தட்டு குளிரவில்லை", "சத்தம் வருகிறது, படம் இல்லை, டோர்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறது." இரண்டாவது வரியை எழுதிய டி.வி.யின் பேனல் (திரை) போய்விட்டது என்று எவரும் எளிதில் சொல்ல முடியாது. அது பின்னொளி எல்.ஈ.டி. பட்டியின் பழுது; பட்டி பேனலைவிட மிக மலிவு. வெளியே கீறல், நெளிவு இல்லை என்பதையும், ரிமோட், வயர் கொடுத்தீர்களா என்பதையும் எழுதுவியுங்கள். வீட்டுக்கு வந்து திருத்துபவர் போட்டுப் பார்க்க முன்னரே "திருப்தி" என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்பார். அரை மணி நேரம் ஓட விட்டுப் பிறகு வையுங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

"பார்ட்ஸ் வரேல்ல" என்பது இன்னொரு பல்லவி. 2022இல் டொலர் இல்லாமல், இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு நடுவில், அது உண்மையான பதில். அன்று எங்களுக்கும் ஒரு ஐ.சி. எடுப்பது பெரும் பாடு. இன்றும் அதையே சொல்வது பழக்கதோஷம். அதைவிட அநியாயம், பொருள் மூன்று மாதம் சேர்விஸ் சென்டரில் கிடந்தாலும் உத்தரவாத நாட்கள் ஓடிக்கொண்டே இருப்பது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால் முறைப்பாடு செய்ய வழி வைத்திருக்கிறது. விசாரித்தபின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுக்குக் கட்டளையிட அதிகாரசபைக்கு முடியும். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் மூன்று மாதக் கெடுவும் வைத்திருப்பதால், "அடுத்த கிழமை வாங்கோ" என்பவர்களை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போடுங்கள்: வாங்கிய திகதி, தொடரிலக்கம், பழுது, ஜொப் கார்ட் இலக்கம், நீங்கள் கேட்பது திருத்தமா மாற்றா பணமா, பதினான்கு நாள் அவகாசம். பதில் வராவிட்டால் அதன் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, பில், உத்தரவாத அட்டையின் இரு பக்கங்கள், படங்கள் எல்லாவற்றையும் இணைத்துக் கொழும்பு 2, வொக்ஸோல் வீதியிலுள்ள அதிகாரசபை அலுவலகத்துக்குக் கொடுங்கள். 1977க்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாடு ஆகாது. "நாங்கள் விற்பவர் மட்டும், ஏஜென்டிடம் போங்கோ" என்று கடைக்காரர் கைகழுவினால், அந்தப் பிரிவு உற்பத்தியாளரோடு வர்த்தகரையும் சேர்த்தே சொல்கிறது என்பதைக் காட்டுங்கள்.

அதே சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் வர்த்தகர்களுக்குப் பொதுப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் அதிகாரசபைக்கு இருக்கிறது. மின், மின்னணுப் பொருட்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டுகிறோம். உத்தரவாதத்தை மறுப்பவர் எந்தப் பாகம் பழுது, என்ன தடயம், அளந்த பெறுமானம் என்ன என்பதைப் படத்தோடு எழுதி, சோதித்தவரின் கையெழுத்துடன் தர வேண்டும். பழைய பாகத்தை வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். பொருள் சேர்விஸ் சென்டரில் கிடந்த நாட்களை உத்தரவாதக் காலத்தோடு கூட்ட வேண்டும். இப்படி வந்தால் எங்களைப் போன்ற வெளிக்கடைகளுக்கு வேலை சற்றுக் குறையும், பரவாயில்லை.

உத்தரவாத அட்டையும் ஜொப் கார்டும் தமிழிலும் இருக்க வேண்டும். ஹொட்லைனில் "தமிழுக்கு இலக்கம் மூன்றை அழுத்தவும்" என்கிறது ஒலிப்பதிவு. மூன்றை அழுத்தினால் எடுப்பவர் பல வேளைகளில் சிங்களத்தில்தான் பேசுகிறார். பழுதைச் சரியாகச் சொல்ல முடியாத இடத்தில்தான் "வேலை செய்யவில்லை" என்ற இரண்டு சொல்லோடு ஜொப் கார்ட் நின்றுவிடுகிறது.

இப்படிக்கு,
மின்னணுப் பொருள் திருத்துநர் இருவர்,
கொழும்பு 06.