பாதிக் கூட்டைக் காட்டு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"எல்லாரும் சிங்கம், கழுகு என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஏன் அக்கா தூக்கணாங்குருவி?" என்று கேட்டாய். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய்க் கூட்டைப் பறிகொடுத்த குருவியின் கதை எனக்கும் தெரியும். அதனால் கேட்காதவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை. நீயாகக் கேட்டாய், சொல்கிறேன்.

அந்தக் குருவி என்றதுமே உழைப்பு, சுறுசுறுப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். உழைப்பில் குறையில்லைதான். உயரமான புல்லின் ஓரத்தை அலகால் கடித்துப் பிடித்து, அப்படியே பறக்கும். நீளமான நார் கிழிந்து அலகோடு வந்துவிடும். அதைக் கிளை நுனியில் சுற்றி, காலால் அமுக்கிக்கொண்டு, அலகால் நுழைத்து இழுத்துப் பின்னும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான நடை. ஆனால் எறும்பும்தான் உழைக்கிறது. எனக்குப் பிடித்தது, இந்தக் குருவி வேலையை நிறுத்துகிற இடம்.

ஆண் குருவி கூட்டை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. தொங்கவிட்ட ஹெல்மெட் மாதிரி ஒரு வடிவம் வந்ததும் நிறுத்திவிடும். குறுக்கே ஒரு பட்டை இருக்கும். அதற்கு ஒரு பக்கம் முட்டை அறை, மறுபக்கம் வாசல் வரப்போகிற இடம். பிறகு அதில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கூச்சல் போடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மிச்ச வேலை: அறையை மூடுவது, நீளமான நுழைவுக் குழாயைக் கீழே இறக்குவது எல்லாம். ஒருத்திக்கும் பிடிக்கவில்லையா, அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். 1930-இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி, மகாராஷ்டிரக் கடலோரக் கிராமமான கிஹிமில் இந்தக் குருவிகளைக் கவனித்தபோது, ஆண்கள் முன்கூட்டியே கட்டத் தொடங்குவதையும், பாதிக் கூட்டைப் பெண்கள் வந்து சோதிப்பதையும்தான் பார்த்தார்.

இப்போது நீ வீட்டு வரைபடம் போடுகிற மேசைக்கு வருவோம். வீட்டுக்காரர் சமையலறையை எந்தப் பக்கம் கேட்பார் என்று தெரிவதற்கு முன்பே நீ ஜன்னல் கம்பிவரை வரைந்து முடித்துவிடுகிறாய். அவர் உதட்டைப் பிதுக்கினால் உன் முகம் தொங்கிப்போகிறது. பாதியில் காட்டியிருந்தால், அவர் சொன்னதும் நீயே சிரித்துக்கொண்டு மாற்றியிருப்பாய். அதற்காகக் கிறுக்கலை நீட்டாதே. அந்த ஹெல்மெட்டில் குருவி தொங்கி ஆடுகிறது, அறுந்து விழுவதில்லை. நீ காட்டுகிற பாதியும் அந்த அளவுக்குத் தாங்க வேண்டும்.

வீட்டிலும் எனக்கு இதே வழக்கம்தான். வேலை மாறலாமா என்ற யோசனை அரைவேக்காட்டில் இருக்கும்போதே உன் அத்தானிடம் சொல்லிவிடுவேன். முடிவெடுத்துவிட்டுச் சொன்னால், பாவம், அவர் தலையாட்டத்தானே முடியும்?

ஒன்றை மட்டும் அதனிடம் கற்றுக்கொள்ளாதே. ஜோடி சேர்ந்ததும் ஐயா அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் கிளம்பிவிடுவார். அடைகாப்பதும் இரை ஊட்டுவதும் பெரும்பாலும் தாயின் தலையில்தான்.

நாளைக்கு அந்த நூலகக் கட்டட வரைபடத்தை இருக்கிற நிலையிலேயே எனக்கு அனுப்பு. படிக்கட்டு எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். கதவுக்கு வண்ணமெல்லாம் பூச வேண்டாம்.

அன்புடன்,
அக்கா