வேர் மோட்டார் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னை உச்சிக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று வகுப்பில் கேட்டால், "வேரு மோட்டாராட்ட உறிஞ்சி மேல ஏத்துதுங்க" என்று பதில் வரும். "இல்லை, நீராவிப்போக்கின் (இலை வழியே நீர் ஆவியாவதன்) இழுவிசை" என்று பலகையில் எழுதிப்போட்டால் அது தேர்வோடு சரி. மோட்டார் மனதை விட்டுப் போகாது. அந்த மோட்டாரையே பிடித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவது நல்லது.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் எத்தனை அடி உறிஞ்சும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும்: தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனால் திணறும். காற்றழுத்தம் ஏற்றிக்கொடுப்பது கணக்குப்படியே 34 அடிதான். நெட்டைத் தென்னையோ 60 அடி நிற்கிறது. உடனே ஒருவன், "அப்ப சப்மெர்சிபிளுங்க, கீழிருந்து தள்ளுது" என்பான். அருமையான மறுப்பு, அமுக்கிவிடக் கூடாது. தள்ளுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீச்சும். உச்சிவெயிலில் தண்டை வெட்டினால், நீரை மேலே கடத்தும் குழாய்களான சைலத்திலிருந்து தண்ணீர் பீச்சுவதில்லை. காற்றுதான் உள்ளே போகிறது. வேர் அழுத்தம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. விடிகாலையில் மக்காச்சோள இலைநுனியில் நிற்கும் சொட்டு அதன் வேலைதான். ஆனால் செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய பகலில் அது ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

பிறகு சோதனை. காசித்தும்பைத் தண்டுகள் மூன்றை, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே சாய்வாக வெட்ட வேண்டும். வெளியே வெட்டினால் குமிழ் புகுந்து, சாயம் ஏறாமல் வகுப்பில் மானம் போகும். சிவப்பு மை கலந்த தண்ணீரில் ஒன்றை இலையோடும், ஒன்றை இலை கிள்ளித் தழும்பில் வேசலின் களிம்பு தடவியும், ஒன்றைப் பாலித்தீன் பையால் மூடியும் காற்றோட்டமான வராண்டாவில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் முதல் தண்டில் சிவப்புக் கோடு நன்றாக ஏறியிருக்கும். மற்ற இரண்டும் பின்தங்கும். மூன்றுக்குமே வேர் கிடையாது.

கிணற்றில் நீர் இறைக்கும் சேந்துகயிற்றை இப்போது உவமையாகச் சொல்லலாம். இலையில் நீர் ஆவியாக, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கயிறாக மேலே வருகின்றன. குமிழ் புகுந்தால் கயிறு அறும். உவமை எங்கே பொருந்தாது என்பதையும் அதே வகுப்பில் பிள்ளைகளையே சொல்லவிட வேண்டும். கிணற்றில் இழுப்பது கைபலம். இங்கே இழுப்பது வெயில், நீரை ஏற்ற மரம் தன் ஆற்றலைச் செலவழிப்பதில்லை. இதைக் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டால், "மோட்டார் இலையில் இருக்கிறது" என்று விடைத்தாளில் வந்து நிற்கும்.

தாவரவியல் ஆசிரியர்கள்,
பொள்ளாச்சி.