எங்க தேனீ வளர்ப்போர் சங்கத்தோட ஆண்டறிக்கை: அண்ணாச்சி இல்லாத முதல் வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கைன்னா வழக்கமா கூட்டக் கணக்குல இருந்துதான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவ அத சுருக்கமா முடிச்சிடுறேன். ஆனி மாசம் தவிர மத்த எல்லா மாசமும் கூடினோம், மே 20 உலகத் தேனீ தினத்துக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு கண்ணாடிப் பெட்டியில ராணி ஈயக் காட்டினோம், வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பார். ஆனி மாசம் ஏன் கூடலன்னு உங்களுக்கே தெரியும். அந்த வாரம்தான் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தாங்க.

பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, அதனால இதுலயும் அண்ணாச்சின்னே எழுதுறேன்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) வாழையும் கொஞ்சம் ரப்பரும்தான் அவங்க விவசாயம். மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வீடு தேன்பெட்டி இருந்த காலத்துல வளர்ந்தவங்க. 1920கள்ல அமெரிக்காக்காரர் ஸ்பென்சர் ஹாட்ச் இங்க ஒய்.எம்.சி.ஏ. மையத்துல பெட்டியில தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததுல தொடங்கின தொழில் இது, அண்ணாச்சி அப்பா அந்த வழியில வந்தவர். நமக்கெல்லாம் மார்த்தாண்டம் தேன்னா இன்னைக்கு புவிசார் குறியீடு வாங்கின பேரு, அவங்களுக்கு அது சின்ன வயசுல காலையில எழும்பி பெட்டி ஸ்டாண்டோட கால் நிக்கற கிண்ணத்துல தண்ணி ஊத்துற வேல, எறும்பு ஏறாம இருக்க.

1991, 92ல 'தாய் சாக்புரூட்'ங்கற (தாய்லாந்து பேர்ல வர்ற வைரஸ்) தேனீப் புழு நோய் வந்தத இங்க இருக்கற பாதிப் பேரு பார்த்திருக்க மாட்டீங்க. புழு கூட்டுப்புழு ஆகுறதுக்கு முன்னாடியே அறைக்குள்ள செத்து, தண்ணி நெறஞ்ச பை மாதிரி தொங்கும், ஈக்குச்சியால எடுத்தா அப்படியே முழுசா வரும். அதுக்கு மருந்து கிடையாது. தென்னிந்தியாவுல இந்தியத் தேனீக் கூட்டங்கள்ல பெரும்பங்கு அதுல அழிஞ்சுது, நம்ம பக்கம் அடுக்கடுக்கா காலிப் பெட்டி, பல பேரு அத விறகாக்கினாங்க, கொல்லம் பக்கம் வேலைக்குப் போனவங்களும் உண்டு. அண்ணாச்சி பெட்டியும் எல்லாம் போச்சு. ஆனா அவங்க பெட்டிய எரிக்கல, வெயில்ல காய வச்சு பரண்ல ஏத்தினாங்க.

அப்புறம் ஒரு நாள் பழைய மண்சுவர் பொந்துல ஒரு கூட்டம் தானா வாழ்ந்துக்கிட்டு இருக்கறதப் பார்த்திருக்காங்க. சுத்தி எல்லாம் செத்தப்போ இது மட்டும் எப்படி நிக்குதுன்னு ஒரு வருஷம் தொடாம பார்த்துக்கிட்டே இருந்து, புழு சுத்தமா இருக்குன்னு உறுதியானப்புறம்தான் பெட்டிக்கு மாத்தினாங்க. அந்த ஒரு கூட்டத்த ரெண்டாப் பிரிச்சு, ரெண்ட நாலாப் பிரிச்சு, கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தாங்க. காசு வாங்கல. ஒரே ஒரு நிபந்தன: "மக்கா, ரெண்டு வருஷத்துல நீ ஒரு கூடு பிரிச்சு இன்னொருத்தனுக்குக் கொடுக்கணும், எனக்கு இல்ல." நான் 98ல அப்படி வாங்கினவன். என் கையில இருந்து வாங்கினவங்க இந்த ஹால்ல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. நம்ம சங்கத்துல நிறைய பெட்டியில இருக்கற ஈ அந்தச் சுவர் பொந்து வழி வந்ததுதான், இத நான் பெருமைக்குச் சொல்லல, கணக்கா பதிவுல இருக்கட்டும்னு சொல்றேன்.

அவங்ககிட்ட படிச்சது இன்னும் நிறைய இருக்கு. ரப்பர் தேன் பூவுல இருந்து வர்றதில்ல, மார்கழி தையில இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது மூணு இலையும் சேர்ற இடத்துல காம்பு நுனியில சுரக்குற தேன், அதனால ரப்பர்ல தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. மாசியில வரப்போற தேன் சீசன நினைச்சு ஐப்பசியிலயே கூட்டத்த ரப்பர் காட்டுக்குள்ள கொண்டு வச்சா புழு வளர்க்க சாப்பாடு இல்லாம கூடு சுருங்கும், தென்னந்தோப்புல வச்சு கூட்டத்தப் பெருக்கிட்டு தளிர் வந்தப்புறம் மாத்துன்னு எத்தன தடவ சொல்லிருப்பாங்க. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதப் பார்த்து சீனிப்பாகுன்னு சண்டைக்கு வர்ற ஆளுக்கும் பொறுமையா விளக்குவாங்க, நானா இருந்தா கோபப்பட்டிருப்பேன். பக்கத்து வாழைத்தோட்டக்காரர்கிட்ட மருந்து அடிக்கறதா இருந்தா ஈ அடைஞ்சப்புறம் சாயங்காலம் அடிங்கன்னு கேட்டு, அதுக்காக அவருக்குத் தண்ணி பிடிச்சுக் கொடுத்து கூடவே நின்னாங்க.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அன்னைக்கு அவங்க வாழை ஒண்ணு கூட நிக்கல, ரப்பர் பாதி முறிஞ்சு விழுந்துச்சு. நான் போறப்போ மழையில நனைஞ்சு கவுந்து கிடந்த பெட்டியில தேனடை இருக்கற மரச்சட்டத்த ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. அண்ணாச்சி, வாழையப் பாக்கலையான்னேன். "வாழை நாளைக்கும் கிடக்கும் மக்கா, ஈ இன்னைக்கு ராத்திரி குளிருல செத்துரும்." அவ்வளவுதான் சொன்னாங்க, நானும் பேசாம ஈக்குத் தீவனமா சீனியும் தண்ணியும் சரிபாதி காய்ச்சி ஆற வைக்கப் போயிட்டேன்.

இந்த வருஷம் சங்கம் செஞ்ச ஒரு தப்ப இங்க பதிவு பண்றேன். ஆடி ஆவணி மழைச் சீசன்ல தீவனம் வைக்கறத முறை போட்டுப் பார்க்க வேண்டியது செயலாளர் பொறுப்பு, அண்ணாச்சி போன துக்கத்துல நான் அத விட்டுட்டேன். அவங்க தோட்டத்துலயே மூணு கூட்டம் பலவீனமாகி மெழுகுப்புழு பிடிச்சுப் போச்சு. அதுக்கு மன்னிப்பு கேக்குறேன், அண்ணாச்சி மனைவி, நம்ம மைனிகிட்ட நேர்லயும் கேட்டுட்டேன்.

மிச்சம் இருக்கற பெட்டிய விக்கக் கூடாதுன்னு மைனி சொல்லிட்டாங்க. அதே இடத்துல இருக்கட்டும், சங்கம் பார்த்துக்கும், வர்ற கார்த்திகையில பிரிச்சு புதுசா சேர்ந்தவங்களுக்குக் கொடுப்போம், நிபந்தன பழையதுதான். வேணும்னு நினைக்கறவங்க இன்னைக்கே பேரு கொடுங்க. பெட்டியும் ஸ்டாண்டும் முன்னாடியே தயார் பண்ணி, கிண்ணத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கணும். கூடு எடுக்க பகல்ல வராதீங்க, ஈ எல்லாம் அடைஞ்சு இருட்டினப்புறம்தான் பெட்டி வாசல் அடைப்போம். டார்ச்சுல சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்திட்டு வாங்க, சிவப்பு வெளிச்சம் ஈ கண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சி டார்ச் மைனி வீட்டுல கொக்கியில தொங்குது, தாள் சுத்தினபடியே இருக்கு, மறந்து வந்தவங்க அத எடுத்துக்கலாம்.