கங்கையில் ஒரு முடவன் முழுக்கு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள வசந்தி,

"ஏழு நாள் படகிலேயே உட்கார்ந்து என்னடி பண்ணினீங்க?" என்று போனில் கேட்டாயே, அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடிக்க, பாதியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, விவரமாகவே எழுதுகிறேன்.

முப்பது வருஷமாக இங்கே இருப்பவளுக்கு ஆறு என்றால் மித்திதான், மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்கு லோக்கலில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே, அது. நம் காவிரியோ மேட்டூரைத் திறந்தால்தான் ஆறு, கோடையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மணல். அதனால் ஆற்றில் போய் லீவைக் கழிப்பதா என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் 2023-இல் காசியிலிருந்து கிளம்பி, வங்கதேசம் வழியாகத் திப்ரூகர் வரை 51 நாள் போன கங்கா விலாஸ் கப்பலைப் பற்றிப் பேப்பரில் படித்ததிலிருந்து இவருக்கு ஒரே பித்து. ரிட்டயர் ஆன கையோடு பணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். நல்லவேளை, 51 நாள் இல்லை, கொல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத் வரை கங்கையின் கிளையான ஹூக்ளியில் ஒரு வாரம். செலவைச் சொன்னால் நீ திட்டுவாய், சொல்லப்போவதில்லை.

சின்னப் படகுதான், இருபது அறைகூட இல்லை. மேல்தளத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கரை தானாக நகர்ந்து வரும், செங்கல் சூளை, கடுகு வயல், படித்துறையில் துணி துவைக்கிறவர்கள், நம்மைப் பார்த்துக் கையாட்டுகிற குழந்தைகள். கீழ்ப்பகுதியில் கடல் ஓதம் ஏறி வருவதால் அதன் நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். மேலே போகப் போக மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்குமாம், அதனால் இருட்டினால் நங்கூரம். இவ்வளவு தண்ணீராவது இருப்பதற்கே 1975-இல் திறந்த ஃபராக்கா அணைதான் காரணம், அங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் கங்கைத் தண்ணீரை இந்தக் கிளைக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஒருநாள் மத்தியானம் டால்ஃபின் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூட அதிகம், மூச்சு விட ஒரு முதுகு மேலே வந்தது, போய்விட்டது. அதற்குக் கண் தெரியாதாம், சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கிறது.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் ரகளை. தயிர் கேட்டேன், மிஷ்டி தோய் கொண்டுவந்து வைத்தார்கள், சாதத்தில் போட்டு உப்புச் சேர்த்துப் பிசைந்து வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது அது வெல்லத் தயிர் என்று! மூன்றாம் நாளிலிருந்து 'டோக் தோய்', அதாவது புளிப்புத் தயிர் என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு மட்டும் அமிர்தம். கடுகெண்ணெய் வாடை கடைசிவரை பழகவில்லை.

இனிமேல்தான் விஷயமே. செராம்பூரில் இறக்கினார்கள். டேனிஷ்காரர்கள் கட்டிய சர்ச், அகலமான தெரு, ஆற்றைப் பார்த்த வெள்ளைக் கட்டடங்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பில் தரங்கம்பாடிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்களே, புளியோதரைப் பொட்டலத்தை நீ கடலில் தவறவிட்டாயே, அதே டேனிஷ்காரர்கள்தான்! இரண்டு ஊரையும் 1845-இல் ஒன்றாகவே இங்கிலீஷ்காரனுக்கு விற்றிருக்கிறார்கள். அடுத்து சந்தன்நகர், நம் புதுச்சேரியின் தங்கச்சி போல, 1950 வரை பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஆற்றோரம் நடக்கிற பாதை அப்படியே புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. சின்சுராவில் டச்சுக்காரர்கள், நம் நாகப்பட்டினத்தில் இருந்த மாதிரி. கிட்டத்தட்ட ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் நம் கடற்கரையைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன் இவரிடம். "அப்போ பஸ்ஸில் தரங்கம்பாடிக்கே போயிருக்கலாம்" என்கிறார் மனுஷன்.

முர்ஷிதாபாத் அரண்மனையில் ஆயிரம் கதவு, அதில் நூறு பொய்க் கதவு, என் முழங்கால் அதற்குமேல் நடக்க மறுத்துவிட்டது. இதைக் கவனித்துக்கொள், நீ போவதாக இருந்தால். பல இடத்தில் படகுத்துறை கிடையாது, பலகை போட்டு இறக்கி, மண்சரிவில் ஏறச் சொல்வார்கள். புக் பண்ணும்போது இதை யாரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அந்த முழங்காலோடுதான் கால்னாவில் இறங்கினேன். இரண்டு வட்டமாக 108 சிவன் கோயில், வெளியே 74, உள்ளே 34. பார்த்துவிட்டு வரும்போது இவர் போனில் காலண்டரைப் பார்த்து, "இன்னிக்குக் கார்த்திகை ஒண்ணு" என்றார். ஐப்பசி முழுக்கக் கங்கையே நம் மாயவரத்துத் துலாக்கட்டத்துக்கு வந்து பாவத்தைக் கழுவிக்கொண்டு போவாள் என்பார்களே, அவளை நான் காசு கொடுத்துத் தேடி வந்திருக்கிறேன், அதுவும் ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்கு மறுநாள். ஐப்பசியைத் தவறவிட்டு நொண்டிக்கொண்டு வந்த முடவனுக்கே ஈசன் புண்ணியம் கொடுத்தானே, எனக்கு மாட்டேன் என்றா சொல்வான்? இவர் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் மூன்று முழுக்குப் போட்டேன். ஜில்லென்று இருந்தது. ஒன்று உனக்காக.

மருமகளுக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள்? மாமாவின் கண் ஆபரேஷன் ஆயிற்றா? அடுத்த ஐப்பசிக்கு மாயவரம் வருகிறேன், திண்ணை அறையை ஒழித்து வை. இவர் இப்போதே பிரம்மபுத்திராவில் போகிற படகுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உன்
ராஜி