பேனா மேல் பழி போடாதீர்கள்

டொராண்டோ,
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கைக்கு வந்தது. நான் நலம். குளிர்தான் கொஞ்சம் படுத்துகிறது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பனி உருகுவதற்காகச் சாலை முழுக்க உப்பைக் கொட்டி வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால், சின்ன வயதில் நீங்கள் வேதாரண்யம் உப்பளத்துக்கு அழைத்துப் போனீர்களே, அங்கிருந்து நடந்து வந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். பொங்கலன்று மேலே கூப்பிட்டு, “பிள்ளை, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்” என்று உட்கார வைத்துவிட்டார். ஸ்கார்பரோவில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. விலையைக் கேட்டால் நீங்கள் திட்டுவீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படிக்கும் முன்பே கையெழுத்துத்தான் கண்ணில் பட்டது. முப்பது வருடம் பத்திரம் எழுதிய கை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் பதினாறு பக்கம் எழுதுவீர்கள். இந்தக் கடிதத்தில் ‘ழ’வின் வால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. கடைசி வரியில் ‘பேனா சரியில்லை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். தம்பி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் உங்கள் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். டீக்கடையில் டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்கிறீர்களாம். பேனாவுக்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம் அப்பா? நடுங்குவது உங்கள் கை.

என் மகள் தலைக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இருக்கிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். முழுக்கத் தப்பில்லை. ஆனால் நாங்கள் படம் எடுக்கவில்லை, சுடுகிறோம். கர்ப்பிணிக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே காதுக்குக் கேட்காத ஒலிதான். அதை நாலா பக்கமிருந்தும் ஒரே புள்ளியில் குவித்தால் அந்த இடம் மட்டும் சூடாகும். மூளைக்குள்ளே நடுக்கத்தைக் கிளப்பிவிடுகிற ஒரு சிறு இடம் உண்டு. அங்கே சில மில்லிமீட்டர் அளவுக்கு 55 முதல் 60 டிகிரி வரை சூடேற்றினால் அது செயலிழந்துவிடும். கத்தி கிடையாது, மண்டையில் ஓட்டை கிடையாது.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் மண்டையோடு ஒலியை லேசில் உள்ளே விடாது. 1950களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபிரை என்ற சகோதரர்கள் இதே யோசனையை வைத்து மூளைக்குள் ஒலியைக் குவித்தார்கள். ஆனால் எலும்பில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டுத்தான் செய்ய முடிந்தது. தண்ணீரில் போவதைவிட எலும்பில் ஒலி ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் போகும். எலும்பு ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிசு. அதனால் ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு நேரத்துக்கு உள்ளே போய்ச் சேரும், குவியாமல் சிதறிவிடும்.

நம்மூர்ப் பங்குனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். இங்கே தலையில் கவிழ்க்கிற தொப்பிக்குள் 1024 சின்னச் சின்ன ஒலிக்கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் தடவை அதிரும். முதலில் நோயாளியின் தலையை சி.டி. எடுத்து, எந்தக் கருவிக்கு எதிரே எலும்பு எத்தனை தடிமன் என்று கணக்குப் போட்டு, நீ கொஞ்சம் முன்னால் இழு, நீ பொறுத்து இழு என்று 1024 பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பின்லாந்துக்காரரான குல்லெர்வோ ஹுனினன் என்ற இயற்பியலாளரும் அவரோடு இருந்தவர்களும்தான் இந்தக் கணக்கைப் பெரிதும் வளர்த்தார்கள். இந்த ஊர் ஸன்னிபுரூக் மருத்துவமனையில்தான் இருக்கிறார். நான் டொராண்டோவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வேலை அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது. மேஜைக்குப் பக்கத்தில் நம் வீட்டு மாட்டுத் தொட்டி அளவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒரு மண்டையோடு. பொம்மை இல்லை, நிஜம். உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு புண்ணியவானுடையது. ஊசி மாதிரி ஒரு ஒலிவாங்கியை உள்ளே விட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்தி, ஒலி எங்கே குவிகிறது என்று அளக்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைக்கூட வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் காற்றைத் தாண்டி இந்த ஒலி போகாது. போன நவம்பரில் எலும்பின் பொந்துகளில் இருந்த காற்றைச் சரியாக உறிஞ்சி எடுக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அளவு எதுவும் கணக்கோடு ஒட்டவில்லை. மூன்று வாரம் கணக்கில் தப்புத் தேடினேன். கடைசியில் பார்த்தால், எலும்பின் உட்பக்கத்தில் கடுகு அளவு குமிழிகள். மூன்று வாரமும் வீண். அன்றைக்குக் கழிப்பறையில் போய் அழுதேன், இப்போது சிரிப்பாக இருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் சிகிச்சையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கவிட்டார்கள். உங்கள் வயதுதான் இருக்கும் அந்தப் பெரியவருக்கு. தலையை முழுக்க மழித்து, மரக்கவிட்டு நாலு திருகால் ஒரு சட்டத்தை இறுக்குகிறார்கள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. தலைக்கும் தொப்பிக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தோல் சுட்டுவிடாமல் இருக்க. ஆள் விழித்தே இருக்கிறார், கையில் நிறுத்துகிற பொத்தான். எம்.ஆர்.ஐ. இயந்திரம் உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் லேசான சூடு, இடம் சரிதானா என்று பார்க்க. அப்புறம் கூட்டுகிறார்கள். நடுவில் ஒரு முறை அறையே சுற்றுகிறது என்று வாந்தி எடுக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு ஒரு அட்டையை நீட்டி, ஜாங்கிரி மாதிரி ஒரு சுருளை வரையச் சொல்கிறார்கள். முதல் சுருள் சிக்கிய நூல்கண்டு. ஆறாவதிலோ ஏழாவதிலோ கோடு நடுங்காமல் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஓரத்தில் தன் பெயரை எழுதினார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

உடனே மூட்டை கட்டாதீர்கள். 2016இல் வெளியான சோதனையில் 76 பேரைச் சேர்த்து, 56 பேருக்கு நிஜச் சிகிச்சையும் 20 பேருக்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்கம் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாதிதான் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். ஒரு வருடம் கழித்தும் 14 சதவீதம் பேருக்கு மரமரப்பு இருந்தது, 9 சதவீதம் பேருக்கு நடையில் தடுமாற்றம் இருந்தது. சிலருடைய எலும்பு ஒலியை உள்ளே விடுவதே இல்லை. எத்தனை கணக்குப் போட்டாலும் சூடு ஏறாது. என் தொட்டியில் இருக்கிற ஆளும் அந்த ஜாதிதான், பிடிவாதக்காரர்.

அதனால் முதலில் தஞ்சாவூர் போய் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்குகிறதா, எதையாவது பிடிக்கும்போது நடுங்குகிறதா என்று கேட்பார். இரண்டும் வேறு வேறு நோயாக இருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மாற்றிச் சொல்லாதீர்கள். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும், அதற்கு ரத்தப் பரிசோதனை போதும். பெரும்பாலும் மாத்திரையில்தான் ஆரம்பிப்பார்கள். மாத்திரை கேட்காவிட்டால்தான் எங்கள் தொப்பி. அப்போதும் டொராண்டோ வர வேண்டாம், கோயம்புத்தூரிலேயே அந்த இயந்திரம் இருக்கிறது.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்த கடிதத்தின் பின்பக்கத்தில் வலது கையால் ஒரு சுருள், இடது கையால் ஒரு சுருள் வரைந்து, தேதி போட்டு அனுப்புங்கள். கையை மேஜையில் ஊன்றக் கூடாது. தம்பி பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், இல்லாவிட்டால் ஊன்றிவிடுவீர்கள். புதுப் பேனா ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

மண்டையோடு சங்கதியை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள்
பாப்பா